அப்பா போட்ட நம்பர்

என்னைப் பற்றி வீட்டில் சொல்கிற முதல் குறை, ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்பது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் செருப்பு விடும் இடத்தில் போய் நிற்பேன். போன மாதம் ஆம்பூருக்கு வந்திருந்தபோது இந்த வியாதி ஜாஸ்தியாகிவிட்டது. வந்த வேலை இரண்டு. தனியாக இருக்கும் அப்பாவை வேலூரில் அக்கா வீட்டுக்குக் குடி மாற்ற வேண்டும். அதைவிட முக்கியமாக, அவர் உடம்புக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். ஆப்பிரிக்காவில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒருமுறை போனால் ஒரு வருடத்துக்குத் திரும்பி வர முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. அப்பா நன்றாக இளைத்திருந்தார். குரல் கம்மிப்போயிருந்தது. சோற்றைப் பிசைந்து, இரண்டு வாய் சாப்பிட்டு, தட்டை நகர்த்திவிடுவார். கேட்டால், "நல்லா இருக்கேன். எனக்கு இன்னா?" என்பார். குரலைப் பற்றிக் கேட்டால் சளி என்பார். அக்கா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குத் தெரியாமல் இருக்காது. சாமான் கட்ட வந்திருந்தவளைப் பிடித்துக் கேட்டேன்.

"அவரையே கேளுடா. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

சத்தியம் வாங்குவது எங்கள் குடும்பத்துக்குக் கைவந்த கலை. மூன்று வருடங்களுக்கு முன்பு அம்மா படுத்திருந்தபோதும் அக்காவிடம் இப்படித்தான் வாங்கியிருந்தார்கள். எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. நான் வந்து சேர்ந்தபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பேசாமலே விமானம் ஏறிப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா சமையலறையில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க விட்டால் வேலை ஓடாது என்று, படிக்குக் கீழே கிடந்த என் பழைய ஹாஸ்டல் டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து நடுக்கூடத்தில் போட்டாள். "இதுல எது வேணும் எது வேணாம்னு பாத்துச் சொல்லு. அங்க எடம் கம்மி" என்றாள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை. ஓய்வு நாள் பள்ளியில் பரிசாகக் கொடுத்த சோப்பு டப்பா, மூடி இல்லாத ஜாமெட்ரி பாக்ஸ், கழுத்தில் இறுகும் ஸ்கூல் டை. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகள் ஒரு கட்டு. நான் ஊரில் இல்லாத வருடங்களில் அம்மா என் பெயருக்கும் ஒன்று எடுத்து அனுப்பிவிடுவாள். அவற்றுக்குக் கீழே அவள் கடிதங்கள். எல்லாம் நீல இன்லேண்ட் கடிதங்கள். ஒவ்வொன்றோடும் குண்டூசியில் குத்தி ஒரு தோல் துண்டு, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு, பழுப்பு, தேன் நிறம் என்று பல நிறத்தில் இருந்தன. ஊருக்கு வரும்போதெல்லாம் கையிலிருந்த கடிதங்களை இந்தப் பெட்டியில் சேர்த்துவிட்டுப் போவது என் வழக்கம்.

தோல் துண்டு எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். அப்பா டேனரியில் செலக்‌ஷன் மேஜையில் வேலை பார்த்தவர். பதனிட்டு, சாயம் ஏற்றி வரும் தோலை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, உண்ணிக்கடி, முள் கீறல், சூட்டுக் குறி எல்லாம் பார்த்து, பின்பக்கத்தில் பேனாவால் ஒரு நம்பர் போடுவது அந்த வேலை. ஒன்று போட்டால் அருமையான தோல். இரண்டு, மூன்று என்று தரம் இறங்கிக்கொண்டே போகும். எதற்கும் ஆகாததற்கு ஆங்கிலத்தில் 'ஆர்'. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. கல்யாணச் சாப்பாட்டுக்கு நம்பர் போடுவார். புதிதாக வந்த ஆயரின் பிரசங்கத்துக்கு மூன்று போட்டதற்கு அம்மா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒன்றாம் நம்பர் மட்டும் அவர் வாயிலிருந்து லேசில் வராது. அந்த விஷயத்தில் பெரிய கஞ்சர்.

என்னை ஏழாவதில் வேலூரில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அங்கே வார்டன் எல்லாக் கடிதங்களையும் பிரித்துப் படித்துவிட்டு, மூலையில் பென்சிலால் ஒரு டிக் போட்டுத்தான் கொடுப்பார். வீட்டுக் கஷ்டத்தைப் பையனுக்கு எழுதாதீர்கள், படிப்பு கெடும் என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். அப்படி எழுதியிருந்தால் அந்தக் கடிதம் அவர் மேஜையிலேயே தங்கிவிடும். அம்மா பயந்துபோய், அச்சடித்த மாதிரி ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்ப எழுதினாள். இங்கு அனைவரும் சுகம், நீ சுகமா, எண்ணெய் தேய்த்துக் குளி, ஜெபம் பண்ணு. மடிக்கிற ஓரத்தில் அப்பா ஒரே வார்த்தை எழுதுவார். 'படி.'

என்னைச் சேர்த்துவிட்டுக் கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் போண்டா வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பா ஒரு ஏற்பாடு சொன்னார். "லெட்டர்ல ஒன்னும் எழுத முடியாது. மாசா மாசம் பார்சல்ல ஒரு தோல் கட்டிங் வெக்கிறேன். பின்னாடி திருப்பிப் பாரு. ஒன்னுன்னா வீட்ல எல்லாம் நல்லா இருக்கு. ரெண்டுன்னா சின்னக் கஷ்டம், கவலப்படாத. மூணுன்னா பேஜார்தான், ஆனா நீ அங்கயே இரு."

"ஆர் போட்டா?"

"ஆர் போட மாட்டேன். போட்டா உடனே கெளம்பி வந்துடு."

அம்மாவுக்கும் அக்காவுக்கும் இது தெரியாது. டேனரியில் டெம்போ ஓட்டிய பாய் ஒருவர் வேலூர்ப் பக்கம் வரும்போது ஹாஸ்டல் வாசலில் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போவார். முறுக்கு, துவைத்த சட்டை, கடிதம், தோல் துண்டு. முறுக்கை அறைப் பையன்கள் பங்குபோடும் நேரத்தில் நான் துண்டைத் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் இரண்டுதான். எங்கள் வீட்டின் தரம் அதுதான் போலிருக்கிறது. ஒருமுறை மூன்று வந்தது. அந்த மாதம் பூராவும் எனக்குப் படிப்பு ஏறவில்லை. லீவில் போனபோதுதான் அப்பாவின் விரல் ஒன்று மெஷினில் நசுங்கியது தெரிந்தது. கடிதத்தில் அனைவரும் சுகம் என்றுதான் இருந்தது. நல்லதோ கெட்டதோ, என்னிடம் உண்மையைச் சொல்கிற ஒரே பொருள் அந்தத் துண்டு என்று அப்போது நம்பினேன்.

ஒன்பதாவது படிக்கும்போது ஒரு பார்சலில் சிவப்புத் துண்டு வந்தது. நல்ல மாதுளம்பழச் சிவப்பு. திருப்பினேன். ஆர்.

எப்படி வெளியே வந்தேன் என்று கோர்வையாக நினைவில்லை. டிரில் பீரியடில் சமையல்கட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். காட்பாடியில் ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற ரயில் நின்றிருந்தது, ஏறிவிட்டேன். யார் செத்திருப்பார்கள் என்பதுதான் மனத்தில். அம்மா இல்லை, கடிதம் அவள் கையெழுத்தில் இருக்கிறது. அக்கா என்று நினைக்கவே பயமாக இருந்தது. அப்பாதான் என்று குடியாத்தம் தாண்டுவதற்குள் முடிவு கட்டிவிட்டேன். செத்தவர் எப்படித் தன் கையாலேயே ஆர் போட்டு அனுப்புவார் என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. பெட்டிக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தேன், நான் நடந்தால் ரயில் சீக்கிரம் போய்விடும் என்பது போல.

நான் ஏறியது ஆம்பூரில் நிற்காத ரயில். ஊர் நெருங்கும்போது படியில் வந்து நின்றேன். தோல் நாற்றம் முதலில் வந்தது. பிறகு ஸ்டேஷன் போர்டு வந்தது. வண்டி கொஞ்சம் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. குதித்துவிடலாம் என்று ஒரு காலைக் கீழே இறக்கினேன். பின்னால் நின்ற யாரோ சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு, "சாவப் போறியாடா நாயே?" என்று முதுகில் ஒன்று வைத்தார்கள். அது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

ஜோலார்பேட்டையில் இறங்கி அழுதுகொண்டு நின்றேன். காக்கிச் சட்டை போட்ட ரயில்வேக்காரர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து, திரும்பிப் போகிற பாசஞ்சரில் ஏற்றிவிட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் தெருமுனைக்கு வந்தால், அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

விஷயம் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு அந்த வாரம் டபுள் ஷிஃப்ட். அக்கா பார்சல் கட்டியிருக்கிறாள். மாசா மாசம் அப்பா ஒரு தோல் துண்டு வைப்பதைப் பார்த்திருக்கிறாள், எதற்கு என்று தெரியாது. டேனரியில் ஆர் போட்டுக் கழித்த துண்டுகளை அப்பா சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதிலிருந்து அழகான ஒன்றாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டாள்.

"கலர் நல்லா இருந்துச்சே, தம்பிக்குப் புடிக்கும்னு வெச்சேன்" என்று அவளும் அழுதாள்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நம்பர் ஏற்பாடே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் தேம்பிக்கொண்டே ரயில் படியில் நின்றது, காலை இறக்கியது எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல, அவள் முகம் மாறிக்கொண்டே போனது. மறுநாள் அப்பா என்னை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார். வார்டன் ஒரு வாரம் முட்டி போடச் சொன்னார். அது எனக்கு ஒன்றுமே இல்லை. வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

அடுத்த பார்சலில் ஒன்று வந்தது. அதற்கடுத்த மாதமும் ஒன்று. எனக்கு மகா சந்தோஷம். வீட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். ஷூ டிசைன் டிப்ளமோ படித்தபோதும், பிறகு ஆக்ராவில் வேலை கிடைத்து, அங்கிருந்து டாக்கா, அங்கிருந்து ஆப்பிரிக்கா என்று நான் கால் தரிக்காமல் ஓடியபோதும் துண்டு வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊரிலிருந்து இந்த வேலைக்கு யாராவது ஒருவர் விமானம் ஏறிக்கொண்டுதான் இருப்பார். அவர் கையில் ஊறுகாய் பாட்டிலோடு அம்மாவின் கடிதமும் துண்டும் வரும். போன் வந்த பிறகும் இதை அவர்கள் நிறுத்தவில்லை. போனில் யாரும் எதையும் சொல்லிவிடலாம். துண்டில் வருவது அப்பா தரம் பார்த்துச் சொன்னது. ஒன்றைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தரையில் உட்கார்ந்து கடிதங்களை வரிசையாகப் பரப்பியபோதுதான் எனக்கு உறைத்தது. சிவப்புத் துண்டுக்கு முன்னால் இரண்டு, இரண்டு, மூன்று, எப்போதாவது ஒரு ஒன்று. அதற்குப் பின்னால் ஒன்று மட்டும்தான். இவ்வளவு வருடத்தில் ஒரே ஒரு இரண்டுகூட இல்லை. டேனரியை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்த வருடம் எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். ஒன்று. அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த வருடத்தை எடுத்தேன். ஒன்று, ஒன்று, ஒன்று.

"இன்னாப்பா இது?" என்றேன். "செவப்புக்கு அப்புறம் ஒரு ரெண்டுகூட இல்ல?"

அப்பா ஒரு துண்டை வாங்கி விரலால் தடவினார். "இது நல்ல தோலு. இப்பல்லாம் இப்டி வர்றதில்ல."

"நான் தோலைக் கேக்கல. நம்பரைக் கேக்கறேன்."

அவர் துண்டைத் திருப்பிக் கொடுத்தார். "உங்கம்மா போடக் கூடாதுன்னுட்டா."

"இன்னா?"

"ரயில்ல இருந்து குதிக்கப் பாத்தேன்னு சொன்ன இல்ல? 'ஒரு நம்பரைப் பாத்துட்டுக் குதிக்கிற புள்ள. இனிமே வீடே இடிஞ்சு விழுந்தாலும் ஒன்னுதான் போடணும்'னா. பைபிள் மேல கை வெக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டா."

"அம்மாவுக்கு முடியாம போனப்பவும்?"

"நான் மூணு போட்டேன்" என்றார் அப்பா. "அவ பாத்துட்டா. படுத்துக்கிட்டே பேனாவ வாங்கி, வேற கட்டிங் எடுத்துட்டு வரச் சொல்லி, அவளே போட்டா. கடைசியா வந்ததெல்லாம் அவ போட்டதுதான்."

கடைசித் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்பா போடும் ஒன்று நேர்கோடாக, அழுத்தமாக இருக்கும். இது நடுங்கி, பாதியில் பேனா எழுதாமல் போய், மறுபடி கீழே இழுத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் கோபப்பட முடியாது என்பதால் இன்னும் கோபம் வந்தது.

"ரெண்டு பேரும் சேந்து இவ்ளோ வருஷம் என்னை ஏமாத்தியிருக்கீங்க. நான் வந்திருப்பேன்ப்பா. ஒரு மாசம் கூட இருந்திருப்பேன். அவளுக்குச் சோறு ஊட்டியிருப்பேன்."

"ஆமா" என்றார் அப்பா. "ஏமாத்திட்டோம்."

அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அப்படி ஒத்துக்கொண்டதும் எழுந்து ஜன்னல் வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். சமையலறையில் செய்தித்தாள் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

"சரி. அம்மா போய்ட்டா" என்றேன். "இப்ப யாருக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்ற?"

அப்பா நசுங்கி ஆறிய விரலை மற்ற கையால் பிடித்துக்கொண்டார். அக்கா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். "சொல்லிடுப்பா" என்றாள்.

"தொண்டையில ஒரு கட்டி" என்றார். குரல் அடியில் போய் மாட்டிக்கொண்டு, ஒரு செருமலுக்குப் பிறகு மறுபடி வந்தது. "சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. கேன்சர்தானாம். ஆபரேஷன் பண்ணா பொழச்சுக்குவேன்றாரு டாக்டரு. ஆனா குரல்வளைய எடுத்துடுவாங்களாம். அதுக்கப்புறம் பேச முடியாதாம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஊருக்குப் போய்ட்டப்புறம் பண்ணிக்கலாம்னு தேதி தள்ளி வாங்கிக்கினேன். இப்ப முடியல. எனக்குப் பயமா இருக்குடா. நீ போவாத."

என் அப்பா யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. போக மாட்டேன் என்றேன். டிக்கெட்டை இப்போதே கேன்சல் பண்ணுகிறேன் என்றேன். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கடிதங்கள் பரப்பிக் கிடந்த தரையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு அவரே சொன்னார். "ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கு. பேச்சு போறதுக்குள்ள இன்னா கேக்கணுமோ கேட்டுடு. எதுவா இருந்தாலும் உள்ளதைச் சொல்றேன்."

வந்த நாளிலிருந்து அவரை விடாமல் துளைத்துக்கொண்டிருந்த எனக்கு, அப்போது ஒரு கேள்விகூட வரவில்லை.